முதல் வாரத்திலேயே ஒருமுறை ஒப்படைத்துப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் நான்கு பேர், மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல். மென்பொருள் பொறியியல் ஆய்வகத்துக்காக 8 வாரத்தில் ஒரு குழு ப்ராஜெக்ட் முடிக்க வேண்டும். விடுதி மெஸ்ஸுக்கு டோக்கன் பதிவு செய்யும் தளம் என்று தலைப்பு எடுத்திருக்கிறோம். பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் ஃபிளாஸ்க், தரவுத்தளத்துக்கு மைஎஸ்க்யூஎல். இருவரிடம் விண்டோஸ், ஒருவரிடம் உபுண்டு, ஒருவரிடம் லேப்டாப்பே இல்லை. போன செமஸ்டரில் கோடை ஜிப்பாகக் கட்டி வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றி அனுப்பினோம். கடைசியில் எது புதியது என்றே தெரியாமல் போய், ஒருவர் மட்டும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்தார். இந்த முறை எப்படி ஆரம்பிப்பது, வேலையை எப்படிப் பிரிப்பது, எதை எப்படி ஒப்படைப்பது?

பதில்:

ஒப்படைப்பதைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். மாணவர் ப்ராஜெக்ட்களை ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். கோடு மோசமாக இருந்ததால் மார்க் போனவர்களைவிட, எழுதியவர் லேப்டாப்பில் ஓடியது ஆய்வகக் கணினியில் ஓடாததால் மார்க் போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் உழைத்த பிள்ளைகள் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் சிவப்பு எழுத்துப் பிழைச்செய்தியைப் பார்த்தபடி கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். எனக்கு மனசு கேட்காது.

அதனால் முதல் வாரத்தில் டோக்கன், லாகின் எதையும் தொடாதீர்கள். ஒரே ஒரு பக்கம், ஒரே ஒரு அட்டவணை. அட்டவணையில் நான்கு பெயர்கள். பக்கத்தைத் திறந்தால் அந்த நான்கு பெயரும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதை மூன்று லேப்டாப்பிலும் ஆய்வகத்தில் ஒரு கணினியிலும் ஓடவையுங்கள். பிறகு இறுதி நாளில் எப்படிக் கொடுப்பீர்களோ அப்படியே ஜிப் கட்டி, எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ரீட்மீ கோப்பை எழுதி, ஒருமுறை ஒப்படைத்துப் பாருங்கள். உங்கள் ஸ்டாஃப் அனுமதித்தால் போர்ட்டலிலேயே ஏற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்து குழுவிடம் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். 8-ஆம் வாரத்தில் வரவேண்டிய பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேயே வந்துவிடும். இப்போது வந்தால் அது பாடம், அப்போது வந்தால் மார்க்.

என்னென்ன வரும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எடுத்திருக்கும் அதே ஃபிளாஸ்க், மைஎஸ்க்யூஎல் ஜோடியில் இவை திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து. ஆங்கிலத்தில் அட்டவணைக்குப் பெயர் வைக்கும்போது ஒருவர் ஸ்டூடன்ட் என்பதைப் பெரிய 'எஸ்' போட்டு எழுதுவார், இன்னொருவர் கோடில் சிறிய 'எஸ்' போடுவார். விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் அப்படியொரு அட்டவணையே இல்லை என்று சொல்லிவிடும். கோப்புப் பெயர்களிலும் இதே கதைதான். அட்டவணை, கோப்பு, ஃபோல்டர் எல்லாப் பெயரும் சிறிய எழுத்தில்தான் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். உபுண்டு வைத்திருப்பவர் உங்கள் குழுவுக்குக் கிடைத்த வரம். இந்த வகைப் பிழை எல்லாம் அவர் கணினியில்தான் முதலில் மாட்டும்.

இரண்டாவது, தரவுத்தள டம்ப், அதாவது தரவுத்தளம் முழுவதையும் ஒரு கோப்பாக எடுக்கும் நகல். உங்களில் ஒருவர் மைஎஸ்க்யூஎல் 8 நிறுவியிருப்பார். ஆய்வகத்தில் பெரும்பாலும் வெப் சர்வரையும் தரவுத்தளத்தையும் சேர்த்து நிறுவும் எக்ஸாம்ப் தொகுப்பு இருக்கும். எக்ஸாம்பில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அதிலிருந்து கிளைத்த மரியாடிபி என்ற வேறு தரவுத்தளம். மைஎஸ்க்யூஎல் 8-இலிருந்து எடுத்த டம்பை அங்கே ஏற்றினால், தெரியாத கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) என்று சொல்லி முதல் அட்டவணையிலேயே நின்றுவிடும். 8-இன் இயல்பான கொலேஷன் பெயரில் 0900 என்ற எண் இருக்கும், அந்தப் பெயர் எக்ஸாம்பில் இருக்கும் மரியாடிபிக்குத் தெரியாது. தீர்வு எளிது. அட்டவணைகளை உருவாக்கும் எஸ்க்யூஎல் கோப்பை டம்ப் எடுக்காமல் கையால் எழுதுங்கள், இரண்டுக்கும் பொதுவான கொலேஷனை நீங்களே குறிப்பிடுங்கள். கையால் எழுதிய கோப்பு இன்னொரு வகையிலும் நல்லது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அதைத் திறந்து வைத்துக்கொண்டே பதில் சொல்லலாம்.

மூன்றாவது, பைத்தானின் பதிப்பு. உங்களிடம் 3.12 இருக்கலாம், ஆய்வகத்தில் 3.8 இருக்கலாம். மேட்ச்-கேஸ் வாக்கியம் 3.10-இல்தான் வந்தது, பழைய பதிப்பில் அது வெறும் இலக்கணப் பிழை. ஆய்வகத்தில் எந்தப் பதிப்பு என்று இன்றே போய்ப் பாருங்கள், அதற்குள் எழுதுங்கள். மைஎஸ்க்யூஎல்லோடு பேச பைமைஎஸ்க்யூஎல் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். அது முழுக்க பைத்தானில் எழுதப்பட்டது என்பதால் எங்கும் சுலபமாக ஏறும். மைஎஸ்க்யூஎல்கிளையன்ட் வேகமானதுதான், ஆனால் சில கணினிகளில் அதைக் கம்பைல் செய்யவேண்டி வந்து அரைநாள் போய்விடும். மெஸ் டோக்கனுக்கு அந்த வேகம் தேவையில்லை.

நான்காவது, இணையம். பல ஆய்வகங்களில் ப்ராக்ஸிக்கு, அதாவது கல்லூரியின் இடைநிலை சர்வருக்குப் பின்னால்தான் இணையம் இருக்கும், தேர்வு நாளில் அதையும் நிறுத்திவிடுவார்கள். "பிப் இன்ஸ்டால் செய்யவும்" என்று, பைத்தான் தொகுப்புகளை இணையத்திலிருந்து நிறுவும் கட்டளையை ரீட்மீயில் ஒரு வரி எழுதிவிட்டு வந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். பிப் டவுன்லோட் கட்டளையால் தேவையான தொகுப்புகளை முன்கூட்டியே ஒரு ஃபோல்டரில் இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் தேடாமல் அந்த ஃபோல்டரிலிருந்தே நிறுவும்படி பிப்புக்குச் சொல்லலாம். ஆய்வகத்தில் உள்ள அதே இயங்குதளம், அதே பைத்தான் பதிப்பு உள்ள கணினியில் இறக்குங்கள். சில தொகுப்புகள் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாக இருக்கும். அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு சின்னச் சின்னவை சில உண்டு. சி டிரைவில் உங்கள் பெயர் போட்ட ஃபோல்டரின் முழுப் பாதையைக் கோடில் எழுதாதீர்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லையும் கோடுக்குள் எழுதாதீர்கள், இப்படிப்பட்ட அமைப்புகளுக்கென்றே வைக்கும் தனி என்வ் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பின் மாதிரி ஒன்றை, மதிப்புகளைக் காலியாக விட்டு, ரெப்போவில், அதாவது குழுவின் பொதுவான கோடு கிடங்கில் சேர்த்துவிடுங்கள்.

சரி, இப்போது ரெப்போ. லினக்ஸ் கெர்னலில் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்து வேலை செய்பவர்களுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது கிட், கோடில் யார் எப்போது என்ன மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி. நான்கு பேர் நான்கு இடத்தில் உட்கார்ந்து ஒரே கோப்பைத் தொடுவது அதற்குப் பெரிய விஷயமே இல்லை. இப்படிப்பட்ட ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒருவர் பெயரில் பிரைவேட் ரெப்போ ஒன்று தொடங்கி மற்ற மூவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து இலவசக் கணக்கிலேயே பிரைவேட் ரெப்போவில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். கடவுச்சொல் போட்டுப் புஷ் செய்வது, அதாவது உங்கள் கணினியில் உள்ள மாற்றங்களைக் கிட்ஹப்பில் ஏற்றுவது, 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகக் கிட்ஹப் தரும் அணுகல் டோக்கனோ (மெஸ் டோக்கன் அல்ல) எஸ்எஸ்ஹெச் சாவியோ வேண்டும். அதை நால்வரும் முதல் நாளே அமைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் "எனக்குப் புஷ் ஆகவில்லை, நீயே போட்டுவிடு" என்று கோப்பை அனுப்ப ஆரம்பித்தால், நீங்கள் மறுபடியும் வாட்ஸ்அப்புக்கே போய்விட்டீர்கள்.

லேப்டாப் இல்லாத நண்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுவில் முதலில் கைவிடப்படுபவர் அவர்தான். ஆய்வகக் கணினியில் அவர் வேலை செய்வார், புஷ் கொடுப்பார், அனுமதி இல்லை என்று 403 பிழை வரும். அந்தச் செய்தியை நிதானமாகப் படித்தால், அதில் யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் கிட்ஹப் பெயர் இருக்கும். போன வகுப்பில் அதே நாற்காலியில் உட்கார்ந்தவருடைய பெயர் அது. விண்டோஸ் அவருடைய சாவியை நினைவில் வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பட்டியலில் கிட்ஹப் என்று இருப்பதை நீக்கிவிட்டுப் புஷ் செய்தால் உங்கள் கணக்கைக் கேட்கும். எழுந்து போகும்போது உங்களுடையதையும் அதேபோல நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று, அதே கணினியில் கிட்டின் பயனர் பெயரும் மின்னஞ்சலும் பழைய ஆளுடையதாகவே இருக்கும். அதைப் பார்க்காமல் கமிட் செய்தால், அதாவது மாற்றங்களைக் கிட்டில் பதிந்தால், உங்கள் நண்பர் எழுதிய கோடு முழுவதும் வேறு யாரோ எழுதியதாக வரலாற்றில் பதிவாகும். ஆறு வாரம் ஆய்வகத்திலேயே உட்கார்ந்து வேலை செய்த மாணவி ஒருவரின் பெயர் ரெப்போவில் ஓரிடத்திலும் இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். பங்களிப்புப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே பூஜ்யம். வைவாவில் ஒவ்வொரு வரியாக அவர் விளக்கிய பிறகுதான் அந்த வேலை அவருடையது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவருடைய இடத்தில் கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ளவர் இருந்திருந்தால் மார்க் போயிருக்கும். ரெப்போவை ஒரு கணினிக்குக் குளோன் செய்த (நகலெடுத்த) உடனே, அந்த ரெப்போவுக்கு மட்டும் தன் பெயரையும், கிட்ஹப் கணக்கில் இருக்கும் அதே மின்னஞ்சலையும் போட்டுக்கொள்வதை உங்கள் நண்பர் பழக்கமாக்கிக்கொள்ளட்டும். இருவர் ஒரே லேப்டாப்பில் சேர்ந்து எழுதினால், கமிட் செய்தியின் கடைசியில் இணை எழுத்தாளர் என்று ஒரு வரி சேர்க்கும் வழி இருக்கிறது. அதைச் சேர்த்தால் கிட்ஹப் இருவர் பெயரையும் காட்டும். லேப்டாப் இல்லாத நண்பருக்கு வீட்டிலும் வேலை செய்ய வேண்டுமென்றால், பிரவுசரிலேயே இயங்கும் கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் இருக்கிறது. இலவசக் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி நேரம் தருகிறார்கள். 2 கோர் இயந்திரத்தில் அது 60 மணி நேரம், இந்த அளவு ப்ராஜெக்டுக்குத் தாராளம்.

வேலையைப் பிரிப்பதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒருவருக்கு ஃப்ரன்ட்எண்ட் (கண்ணுக்குத் தெரியும் பக்கங்கள்), ஒருவருக்கு பேக்எண்ட் (பின்னால் இயங்கும் கோடு), ஒருவருக்கு டேட்டாபேஸ், மிச்சமிருக்கும் ஒருவருக்கு டாக்குமென்டேஷன். கேட்க நியாயமாக இருக்கும். நடப்பது வேறு. டேட்டாபேஸ்காரர் இரண்டாம் வாரத்தோடு சும்மா இருப்பார், ஃப்ரன்ட்எண்ட்காரர் பேக்எண்டுக்காகக் காத்திருப்பார், பேக்எண்ட்காரர் தலையில் எல்லாம் விழும். டாக்குமென்டேஷன் எழுதியவர் வைவாவில் வாய் திறக்க முடியாது. போன செமஸ்டரில் உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பதிலாக, பயன்பாட்டை வைத்துப் பிரியுங்கள். ஒருவர் லாகின். ஒருவர், மாணவர் நாளைய சாப்பாட்டுக்கு டோக்கன் போடுவதும் ரத்து செய்வதும். ஒருவர், நாளைக்கு இட்லி எத்தனை பேருக்கு என்று மெஸ் மேனேஜர் பார்க்கும் பக்கம். ஒருவர் மாதக் கணக்கும் பில்லும். ஒவ்வொருவரும் தன் பகுதியில் அட்டவணை முதல் பக்கம் வரை எல்லாவற்றையும் எழுத வேண்டும். அப்போதுதான் நால்வருக்கும் எஸ்க்யூஎல்லும் தெரியும், பைத்தானும் தெரியும், ஹெச்டிஎம்எல்லும் தெரியும். எக்ஸ்டர்னல் யாரை எதைக் கேட்டாலும் பதில் வரும்.

இப்படிப் பிரித்தால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அட்டவணைகளை நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். உதாரணத்துக்கு டோக்கன் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர், தேதி, வேளை. ஒரே மாணவர் ஒரே நாளில் ஒரே வேளைக்கு இரண்டு முறை பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்? இந்த மூன்றும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று அட்டவணையிலேயே யுனீக் போட்டுவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. போடாவிட்டால் மேனேஜர் பக்கத்தில் இட்லி கணக்கு கூடும், பில் பக்கத்தில் காசு கூடும், இருவரும் தங்கள் கோடில் பிழை தேடி இரண்டு நாள் அலைவார்கள். தேதியும் அப்படியே. ஒருவர் அதை எழுத்துச் சரமாக 05-03 என்று வைப்பார், இன்னொருவர் டேட் வகையாக வைப்பார். முதல் மூன்று வாரம் யாருக்கும் எதுவும் தெரியாது. பில் போடும் அன்று மே மாதமும் மார்ச் மாதமும் குழம்பிப்போகும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும், இதெல்லாம் வராது.

பிராஞ்ச், அதாவது ரெப்போவுக்குள் பிரியும் கிளைகள் விஷயத்தில் பெரிய தத்துவம் வேண்டாம். மெயின் என்ற முதன்மை பிராஞ்ச் எப்போதும் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். வேலையைத் தனி பிராஞ்சில் செய்து, அதைச் சேர்க்கலாமா என்று கேட்கும் புல் ரெக்வெஸ்ட் போட்டு, இன்னொருவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகு மெயினோடு மெர்ஜ் செய்யுங்கள் (இணையுங்கள்). மெயினுக்கு யாரும் நேரடியாகப் புஷ் செய்ய முடியாதபடி பூட்டலாம். பிரைவேட் ரெப்போவில் அதற்கு ப்ரோ கணக்கு வேண்டும், மாணவர் என்று நிரூபித்துக் கிட்ஹப் எஜுகேஷனில் விண்ணப்பித்தால் அது இலவசமாகக் கிடைக்கும். பிராஞ்ச்சை மூன்று நாளுக்கு மேல் தனியே வைத்திருக்காதீர்கள். மூன்று வாரம் தனியாகப் போன பிராஞ்சை ஒட்டுவது, உடைந்த பானையை ஒட்டுவது மாதிரி.

ஒரே இடத்தை இருவர் வெவ்வேறாக மாற்றி, மெர்ஜ் செய்யும்போது கான்ஃப்ளிக்ட் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அவசரப்படாதீர்கள். கிட் அந்த இடத்தில் ஏழு கோணக்குறி, நடுவில் ஏழு சமக்குறி, முடிவில் மறுபக்கம் பார்க்கும் ஏழு கோணக்குறி என்று அடையாளம் போட்டு, இருவர் எழுதியதையும் வைத்திருக்கும். அந்த இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எது வேண்டும் என்று முடிவு செய்து அடையாளங்களை அழிக்க வேண்டும். பைத்தான் கோப்பில் அடையாளத்தை விட்டுவிட்டால் உடனே பிழை காட்டும். ஹெச்டிஎம்எல்லில் காட்டாது. அந்தக் குறிகள் அப்படியே பக்கத்தில் எழுத்தாகத் தெரியும். லாகின் பொத்தானுக்கு மேலே ஏழு சமக்குறியோடு வந்த ப்ராஜெக்ட் எனக்கு வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கடைசியாக மெர்ஜ் செய்தவர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பது அந்த நொடியே தெரிந்துவிட்டது. கடைசி வாரத்தில் எல்லாக் கோப்பையும் ஃபார்மேட்டர் போட்டு அழகுபடுத்துவதும் வேண்டாம். அது மாற்றும் ஒவ்வொரு வரியும் அதைச் செய்தவர் பெயருக்கு மாறும், திறந்திருக்கும் பிராஞ்ச் எல்லாவற்றிலும் கான்ஃப்ளிக்ட் வரும். ஃபார்மேட்டர் வேண்டுமென்றால் முதல் வாரமே வைத்துவிடுங்கள்.

முதல் கமிட்டிலேயே, எவற்றைக் கிட் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பைச் சேருங்கள். தொகுப்புகளை நிறுவி வைக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டர், பைத்தான் தானாக உருவாக்கும் பைகேஷ் ஃபோல்டர், என்வ் கோப்பு எதுவும் ரெப்போவுக்குள் வரக்கூடாது. கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. சாவியையோ கடவுச்சொல்லையோ தெரியாமல் ஏற்றிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் அது வரலாற்றில் இருக்கும். அந்தச் சாவியை ரத்து செய்து புதியதை எடுப்பதுதான் வழி.

வேலை செய்யாத உறுப்பினர் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வியில் அது இருக்கிறது. இரண்டாம் வார முடிவில் ஒருவரிடமிருந்து ஒரு கமிட்டும் வரவில்லை என்றால், முதலில் அவரோடு தனியாகப் பேசுங்கள். பாதிப்பேருக்குச் சோம்பல் காரணமாக இருக்காது. கோடு எழுத வராது என்று சொல்ல வெட்கம், அல்லது தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்வரும் களைப்பு. அவரோடு ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்து, மிகச் சின்ன வேலை ஒன்றை முடிக்கவைத்தால் பலர் எழுந்து வந்துவிடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் மூன்றாம் வாரமே ஸ்டாஃபிடம் சொல்லுங்கள், கிட் வரலாற்றைக் காட்டுங்கள். ஏழாம் வாரத்தில் சொன்னால் எங்களால் எதுவும் செய்ய முடியாது. அவர் வேலையையும் நீங்களே செய்து மூடி மறைப்பது அவருக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல்.

ஊரில் ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்பவர்கள் இருக்கிறார்கள், சீனியர் ரெப்போக்களும் சுற்றுகின்றன. அந்தப் பக்கம் போகாதீர்கள். கோடு ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மாஸ் என்ற கருவி 1994-இலிருந்து இருக்கிறது. மாறிகளின் பெயரை மாற்றுவது அதை ஏமாற்றாது. எனக்குக் கருவிகூடத் தேவைப்படுவதில்லை. "டோக்கன் போட கடைசி நேரம் இரவு 8 மணி என்று வைத்திருக்கிறீர்கள், அதை 9 ஆக்குங்கள்" என்பேன். எழுதியவர் அரை நிமிடத்தில் அந்தக் கோப்பைத் திறப்பார். வாங்கியவர் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். ஏஐ எழுதிக் கொடுத்த கோடுக்கும் இதே கேள்விதான். பயன்படுத்தலாமா என்று ஸ்டாஃபிடம் கேளுங்கள். அனுமதித்தால் எந்த இடத்தில் என்று ரீட்மீயில் எழுதுங்கள், உங்களால் விளக்க முடியாத ஒரு வரியையும் மெயினில் விடாதீர்கள்.

இறுதி ஒப்படைப்புக்கு வருவோம். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே புதிதாக எதையும் சேர்ப்பதை நிறுத்துங்கள். ரீட்மீயில் நால்வர் பெயர், யார் எந்தப் பகுதி, பைத்தான் பதிப்பு, தரவுத்தளத்தை ஏற்றும் முறை, ஓட்டும் கட்டளை, உள்நுழைந்து பார்க்க மாதிரி மாணவர் ஒருவர், மாதிரி மேனேஜர் ஒருவர். இந்தக் கடைசி ஒன்றைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள், லாகின் பக்கத்தோடு நான் நின்றுவிடுகிறேன். மாதிரித் தரவும் இருக்கட்டும். காலியான அட்டவணையில் மாத பில் எப்படித் தெரியும்?

பிறகு ரீட்மீயை எழுதாத ஒருவர், ஆய்வகக் கணினியில் புதிய ஃபோல்டரில் குளோன் செய்து, ரீட்மீயை மட்டும் படித்து ஓட்ட வேண்டும். எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம், பேசக்கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம். சரியாக ஓடியதும் அந்த கமிட்டுக்கு டேக் (பெயர் அடையாளம்) போடுங்கள். ஜிப்பை ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்து கட்டாமல், கிட் ஆர்க்கைவ் கட்டளையால் அந்த டேக்கிலிருந்து எடுங்கள். ரெப்போவில் உள்ளது மட்டும்தான் அதில் வரும், 200 எம்பி குப்பை வராது. ஏற்றியபின் போர்ட்டலிலிருந்து அதே ஜிப்பை இறக்கித் திறந்து பாருங்கள். கூகுள் கிளாஸ்ரூமில் கோப்பை இணைத்துவிட்டு டர்ன் இன் அழுத்தாமல் போனவர்களும், மூடுல் தளத்தில் டிராஃப்டாகவே விட்டவர்களும் ஒவ்வொரு செமஸ்டரிலும் இருக்கிறார்கள்.

ஒப்படைத்த பிறகு, வைவாவுக்கு முந்தைய இரவு ஒரு பிழை கண்ணில் பட்டால் டேக்கை நகர்த்தாதீர்கள், மெயினைத் தொடாதீர்கள். தனி பிராஞ்சில் சரிசெய்து வைத்துக்கொண்டு, மறுநாள் எக்ஸ்டர்னல் கேட்பதற்கு முன்பே "இதில் இந்தப் பிழை இருக்கிறது சார், காரணம் இது, இப்படிச் சரிசெய்திருக்கிறோம்" என்று இரண்டையும் காட்டுங்கள். அப்படிச் சொன்ன குழுவுக்கு நான் மார்க் குறைத்ததே இல்லை.